பெண்ணழைப்புக் காரின் வேட்டுச் சத்தம்

தம்பி,

நேற்றுச் சாயங்காலம் நீ காரின் பின்னால் குனிந்து, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்து, "அம்மா, கேக்குதா?" என்று கேட்டாயே, அந்த நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டப்... டப்டப்... டப். நீ கவலையோடு கேட்கவைத்தாய். நானோ "கேக்குது, கேக்குது!" என்று சந்தோஷத்தில் கத்தினேன். "என்னம்மா, கச்சேரி கேக்குற மாதிரி சொல்ற?" என்று நீ அலுத்துக்கொண்டாய். எனக்கு அது கச்சேரிதான். அறுபதுகளில் ஒரு பிற்பகல், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாகக் காரில் உட்கார்ந்து வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டு போன சத்தம் அது. அதை மறுபடி கேட்பேன் என்று நினைக்கவே இல்லை. அதுவும் உன் காரிலிருந்து, அதுவும் போன் வழியாக!

போனில் விளக்கினால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அப்படி என்றால் நீ கேட்கவில்லை என்று அர்த்தம். நீ பள்ளிக்கூடம் போன நாளிலேயே எனக்கு அது தெரியும். அதனால் எழுதுகிறேன். கார் ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்கிறது, காலை எடுத்தால் பின்னால் வெடிக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர் டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார், சாமான் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார் என்று நீ சொன்னாய். அடுத்த வாரம் பேத்தியை அண்ணாமலை நகரில் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் கடலூரில் என்னையும் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. "ரயில்ல போயிக்கலாம் பாட்டி, பரவால்ல" என்று அவள் சொன்ன குரலிலேயே அவளுக்கு அதில் மனசில்லை என்பது தெரிந்தது. எனக்கும் இல்லை. ஆகவே நீ டர்போவை மாற்றச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி. பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

டர்போ என்றால் என்ன என்று போன தீபாவளிக்கு வந்தபோது நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை சும்மா போகாமல் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போவதால் பெட்ரோலும் அதிகம் எரிந்து வேகம் கிடைக்கிறது. நான் உடனே, "மேல்பட்டாம்பாக்கத்துல கரும்புச் சாறு எடுத்த சக்கைய அடுப்புல போட்டு அந்தச் சாறையே காய்ச்சுவாங்களே, அந்தக் கதைதானே?" என்றேன். நீ சிரித்து, அதேதான் என்றாய். முப்பது பெண்களுக்கு நான் பாடம் எடுத்த வகுப்பில் ஒருத்திக்குச் சட்டென்று புரிந்துவிட்டால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்று உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் உன் காருக்கு வருவதற்கு முன்னால் என் காருக்குப் போக வேண்டும். அதில் டர்போ கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வெளிர்பச்சைக் கார். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு விவசாயம் செய்த ஒருவருடையது. என் தாய்மாமா அவரிடம் கேட்டு, டிரைவரோடு இரவல் வாங்கிவந்திருந்தார்.

நம் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தானே. முதல் நாளே பெண்ணை அழைத்துப் போவார்கள். என்னை அழைத்துப் போக வந்தவர் உன் அப்பாவின் அக்கா. உனக்கு அவர் மடியில் உட்காரவைத்து முறுக்கு கொடுத்த அத்தை. எனக்கு அன்று அவர் முன்பின் பழகாத ஒரு பெரிய மனுஷி. வாயில் வெற்றிலை, கண்ணில் கண்டிப்பு. எங்கள் வீட்டார் மற்ற எல்லோரும் காலையிலேயே பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டார்கள். காரில் முன்னால் டிரைவர் பலராமனும் மாமாவும், பின்னால் நானும் அத்தையும், டிக்கியில் சீர்ச் சாமான்கள். திருப்பாதிரிப்புலியூரில் கிளம்புவதற்கு முன்னால் மாமா கோயிலுக்கு ஓடிப்போய், சாமிக்குச் சாத்திய கதம்ப மாலை ஒன்றை வாங்கிவந்து காரின் முன்பலகையில் தொங்கவிட்டார். கையகலத் தடிமனில், மருக்கொழுந்து மணக்கும் மாலை. "இது நம்மள கொண்டுபோயி சேத்துடும்" என்றார். பலராமன் அப்போது பின்னால் டிக்கிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்.

வண்டி கிளம்பியதுமே அத்தை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "தலையக் குனிஞ்சு உக்காரும்மா" என்பது. குனிந்தேன். இரண்டாவதாக மாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"பொண்ணு வந்து எறங்கறப்ப வேட்டு போடலாம்னு ஆள் பேசி வெச்சேன். எந்தம்பி வேணாம்னுட்டான். சத்தம் எதுக்கு, பொகை எதுக்குன்றான். வேட்டு இல்லாம நம்ம தெருவுல எந்தக் கல்யாணம் நடந்திருக்கு, நீங்களே சொல்லுங்க."

"படிச்ச புள்ள, அப்புடித்தான் பேசும்" என்றார் மாமா.

முதுநகர் தாண்டினோம். டப். நான் தலையைக் குனிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன். டப்டப். "யாரோ வேட்டு போடறாங்க" என்றார் மாமா. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேட்டு எங்களோடு கூடவே வருவது தெரிந்தது. பெட்ரோல் நெடி வேறு. பலராமன் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், வண்டி முனகுகிறது. காலை எடுக்கிறார், பின்னால் வெடிக்கிறது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்ற வண்டி நின்றதுதான்.

பலராமன் நல்ல டிரைவர். பதறவில்லை. பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றிச் சூடான பிளக்குகளைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார். வண்டி கிளம்பி ஜம்மென்று ஓடியது. "கரி புடிச்சிருந்துது, அவ்ளதான்" என்றார். மாமா மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தை மட்டும் வெளியே பார்த்தபடி, "கெளம்பி வந்த வழியில நின்னுடுச்சு" என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேட்கிறேன். பிளக்கைத் துடைத்ததும் வண்டி சரியானது. அப்படியானால் கோளாறு பிளக்கில்தானே? அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். உன் ஒர்க்‌ஷாப்காரரும் கம்ப்யூட்டரை மாட்டி அதில் வந்த கோளாறை அழித்ததும் கார் ஒரு நாள் நன்றாக ஓடியதாகச் சொன்னாய் அல்லவா? ஒரு வீட்டுக் கூரை ஒழுகுகிறது. தரையைத் துடைக்கிறாய். தரை காய்ந்துவிடும். அடுத்த மழைவரை எல்லோருக்கும் நிம்மதி. எங்களுக்கு அடுத்த மழை புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. மறுபடி முனகல், மறுபடி வேட்டு, ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றே போனது.

இந்த முறை அத்தை வெளியே பார்க்கவில்லை. நேராக மாமாவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ நின்னா வண்டிக் கோளாறு. ரெண்டாவது தடவையும் பொறுத்துக்கறேன். மூணாவது தடவ நின்னுச்சுன்னா சாமி வேணாங்குதுன்னு அர்த்தம். வண்டியத் திருப்பிட வேண்டியதுதான். எங்க அம்மா இருந்திருந்தா ஆலப்பாக்கத்துலயே திருப்பியிருப்பாங்க."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா இப்புடி சொல்றீங்க, பொண்ணு காதுபட" என்றார்.

"காதுபடத்தான் சொல்றேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னியதான கேப்பாங்க?"

தம்பி, திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாதி வழியில் திரும்பிய பெண் என்ற பேர் எனக்கு ஒட்டிக்கொள்ளும். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா என்னைப் பாடச் சொல்லவில்லை. "எட்டாம் வகுப்புக்கு நீங்க சயின்ஸ் எடுக்கறீங்களாமே, எந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார். வெப்பம் என்றேன். "கல்யாணத்துக்கு அப்பறமும் எடுப்பீங்கல்ல? சிதம்பரத்துலயும் பள்ளிக்கூடம் இருக்கு" என்றார். அப்படிக் கேட்ட மனுஷனை ஒரு புகைக்குழாய்க்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. தலையை நிமிர்த்தினேன்.

காரை விட்டு இறங்கி, "மாமா, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றேன். எனக்கு அப்போது அது நிச்சயம். மழைக்காலம் முடிந்திருந்தது, பீப்பாயிலிருந்து ஊற்றிய பெட்ரோல். தண்ணீர் இருந்தால் பாத்திரத்தின் அடியில் தனியாக உருண்டு நிற்கும், பார்த்துவிடலாம். பாத்திரத்துக்கு எங்கே போவது? டிக்கியில் சீர் இருந்தது. புதுப் பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பலராமன், காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பிடிக்க, சொம்பில் பெட்ரோல் பீச்சியது.

"அய்யய்யோ! பாலு காய்ச்ச வாங்கின சொம்புல பெட்ரோலா!" என்று அத்தை காருக்குள்ளிருந்து அலறினார். "யோவ் டிரைவரே, நீ புடிச்சுக் குடுக்கற, அந்தப் பொண்ணு எட்டிப் பாக்குது, இன்னா கல்யாணம்டா இது!"

சொம்பின் அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான பெட்ரோல். என் நிச்சயம் அந்தச் சொம்பிலேயே முடிந்தது. மாமா பாவம், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். டேங்கிலேயே திரும்ப ஊற்றச் சொன்னேன். ஒன்று சொல்கிறேன், ஒரு நினைப்பு பொய் என்று தெரிந்தால் அது வீண் இல்லை. பெட்ரோல் நல்ல பெட்ரோல். அப்படியானால் கோளாறு வேறு இடத்தில். ஒரு கதவு அடைபட்டது, அவ்வளவுதான். அதற்குள் பலராமன் பிளக்குகளைக் கழற்றியிருந்தார். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு. என் விரலெல்லாம் அப்பிக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெறும் புகைக்கரி. எல்லாப் பிளக்கிலும் ஒரே மாதிரி.

வண்டி கிளம்பியது. மூன்றாவது முறை நிற்கக் கூடாத வண்டி. நான் கறுப்பு விரல்களை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். விளக்கில் திரியை அதிகம் தூண்டினால் சிம்னி எதனால் கறுக்கிறது? எண்ணெய் ஜாஸ்தி, காற்று போதவில்லை. வகுப்பில் எத்தனை முறை சிம்னியைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்! அப்படியானால் இந்த எஞ்சினுக்குக் காற்று குறைவாகவும் பெட்ரோல் அதிகமாகவும் போகிறது. எரியாத மிச்சம் பிளக்கில் கரியாகப் படிகிறது, இன்னும் மிச்சம் சூடான புகைக்குழாய்க்குப் போய் அங்கே பற்றி வெடிக்கிறது. வெடிப்பது பின்னால், பசி முன்னால். நாங்கள் இதுவரை பார்த்ததெல்லாம் கரியைத்தான். கரியை உண்டாக்குவது எது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பி.முட்லூர் தாண்டியதும் மறுபடி டப் என்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு ஏற்றம் இருக்கிறது, அதில் இந்த வண்டி ஏறாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் இருக்கையின் நுனிக்கு வந்தேன்.

"டிரைவரண்ணே, காலைல வண்டி குளுந்து கெடக்கறப்ப எப்புடி எடுப்பீங்க?"

"சோக்க இழுத்து வுட்டுத்தாம்மா."

"இழுத்தா இன்னா ஆவும்?"

"காத்து அடைபடும், பெட்ரோலு ஜாஸ்தியாப் போவும். வண்டி சூடு ஏறினதும் உள்ள தள்ளிடணும். அதெல்லாம் தள்ளிட்டேம்மா. நானே என் கையால தள்ளினேன்."

"அது எங்க இருக்குது?"

பலராமன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மாலையைக் காட்டினார். "இந்தா, இதுக்குப் பின்னால."

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"அந்தக் கறுப்புக் குமிழா?" என்றார். "அது... மாலைய மாட்டினா நிக்கவே இல்ல, வழுக்கி வழுக்கி வுழுந்துது. லேசா இழுத்துப் பாத்தேன், ஆணி கணக்கா நீட்டிக்கிச்சு. நல்லதாப் போச்சுன்னு மாட்டிட்டேன்."

"அய்யா!" என்று பலராமன் போட்ட சத்தத்துக்குச் சாலையோரம் நின்ற ஆடுகள் ஓடின. அவர் மாலைக்குள் கையை விடப் போனார். அத்தை பின்னாலிருந்து சீறினார்.

"சாமி மாலையில கை வெக்காத! காப்பா மாட்டினது. பொண்ணு எறங்கற வரைக்கும் எடுக்கக் கூடாது."

பாலத்தின் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது. வண்டி நடக்கும் மாட்டைவிட மெதுவாகப் போனது. வண்டி முழுக்கக் கிடுகிடுக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் நின்றுவிடும். நின்றால் மூன்று. எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"எடுக்க வேணாம் அண்ணி, எடம் மாத்திக்கலாம். காப்பு காருக்கு எதுக்கு? வீட்டுக்குப் பெரியவங்க நீங்க. உங்க கழுத்துல இருந்தா எனக்குக் காப்பு இல்லியா?"

அத்தை என்னைப் பார்த்தார். அதுவரை என் நெற்றிக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டினார்! நான் முன் இருக்கைக்கு மேல் எக்கி, கரி அப்பிய கையால் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, மறு கையால் அந்தக் குமிழை உள்ளே தள்ளினேன்.

பின்னால் ஒரு பெரிய வேட்டு, கறுப்பாக ஒரு குபுக். அதற்குப் பிறகு, நெடுநேரம் இருமியவர் தொண்டையைச் சரி செய்துகொண்டு பேச ஆரம்பிப்பது போல, அந்த எஞ்சின் நிதானமாக ஒலித்தது. பலராமன் மிதித்தார். வண்டி பாலத்தில் ஏறியது. ஏறியது என்ன, ஓடியது! கீழே வெள்ளாற்றில் மணலும் நடுவே தண்ணீரும் பளபளத்தன. மாமா குழந்தை மாதிரி கையைத் தட்டினார். "நான்தாண்டா வண்டிய நிறுத்தினது, நானேதான்!" என்று அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

புவனகிரி தாண்டியதும் அத்தை என் பக்கம் சாய்ந்தார். "இந்தாம்மா, அந்தச் சத்தம் எதுனால வந்துது?" என்று மெதுவாகக் கேட்டார். "ஈர வெறகு அடுப்புல, பொகையா மேல போறது திடீர்னு தீப்பட்டுக் குப்புனு புடிக்குமே அண்ணி, பாத்திருக்கீங்களா? அது மாதிரி, எரியாத பெட்ரோலு பின்னால குழாயில போயிப் புடிக்குது" என்றேன். அவர் தலையாட்டினார். சிதம்பரம் தெருக்கள் தெரிய ஆரம்பித்ததும் பலராமனின் தோளைத் தட்டினார்.

"யோவ், அந்தச் சத்தத்த நீயா போட முடியுமா?"

"போடலாம்மா. ஓடறப்ப சாவிய அணைச்சிட்டு மறுபடி போட்டா வெடிக்கும். ஆனா சைலன்சரு..."

"சைலன்சருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எங்க தெரு மொனைக்கு வந்ததும் போடு."

போட்டார், தம்பி. டமார்! கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. உன் அப்பா, மாப்பிள்ளை வெளியே வரக் கூடாது என்ற வழக்கத்தை மறந்து தெருவுக்கு ஓடிவந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை போட்டுக்கொண்டு இறங்கியது அத்தை, கை முழுக்கக் கரியோடு இறங்கியது பெண். "இன்னாடி இது சத்தம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். அத்தை நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"எங்க வீட்டுப் பொண்ணு வந்துட்டா. வேட்டு போடாம வருவாளா?"

பாதி வழியில் என்னைத் திருப்ப இருந்தவரின் வாயிலிருந்து, தாலி ஏறுவதற்கு முன்னாலேயே, "எங்க வீட்டுப் பொண்ணு". இன்றைக்கு எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. சைலன்சர் தையல் விட்டுப்போய், அந்தக் கார் மேல்பட்டாம்பாக்கம் வரை கர்ஜித்துக்கொண்டே திரும்பியதாகக் கேள்வி. அத்தை சொன்னபடி பதில் சொன்னார், அவர் பாணியில்: "பொண்ணழைக்கப் போன வண்டி, அப்புடித்தான் இருக்கும்."

இப்போது உன் காருக்கு வா. பலராமன் அந்தக் குமிழை எதற்காகக் கடைசிவரை சந்தேகிக்கவில்லை? தன் கையால் தானே சரி செய்த இடம் அது. அதற்குப் பிறகு மாமா அன்போடு கை வைத்தது அவருக்குத் தெரியாது. நீ நேற்று என்ன சொன்னாய்? "ஏர் ஃபில்டர் இப்பத்தான் புதுசா மாத்தினேன், அதனால அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றாய். நான் துள்ளியது அந்த வார்த்தைக்குத்தான். எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். வெடிப்பதற்கு முந்தின வாரம் என்றாய். பேத்தி வேறு, ஏற்றத்தில் மிதித்தால் குக்கர் சீறுவது போல ஒரு சத்தம் வருகிறது என்றாள். பெரியவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் காது என் காது.

உன் காரில் உள்ளே வரும் காற்றை ஒரு கருவி எண்ணிப் பார்த்து, அதற்குத் தக்கபடி பெட்ரோல் விடுகிறது என்று சொல்லியிருக்கிறாய். ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள். வாசலில் ஒருவர் ஆட்களை எண்ணி உள்ளே அனுப்புகிறார். அந்த எண்ணிக்கைக்குச் சமையற்கட்டில் இலை போட்டுப் பரிமாறிவிடுகிறார்கள். ஆனால் நடுவழியில் ஒரு பக்கக் கதவு திறந்திருக்கிறது, பாதிப் பேர் அதன் வழியாக வெளியே போய்விடுகிறார்கள். சோறு மிஞ்சிவிடும். டர்போ அமுக்கித் தள்ளுகிற காற்று எஞ்சினுக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் குழாய் தளர்ந்திருந்தால் இதேதான் நடக்கும். எண்ணிய காற்று சீறிக்கொண்டு வெளியே போகும், அதனால் இழுவை இல்லை. மிஞ்சிய பெட்ரோல் பின்னால் போய் வெடிக்கும். ஃபில்டரை மாற்றியவர் வழியில் இருந்த குழாயைக் கழற்றி மாட்டியிருப்பார், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை முழுக்க முடுக்கியிருக்க மாட்டார். கண்ணால் பார்க்காமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். சொம்பை மறக்கவில்லை. குழாய் சரியாக இருந்தால் அந்தக் கதவும் அடைபட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்துப் பிளக்குக்கும் அதற்கு மின்சாரம் தருகிற காயிலுக்கும் போ. டர்போ கடைசியில். அதுவரை வேகமாக ஓட்டாதே. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் எரிந்தால் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி கெட்டுப்போகும். அத்தை இப்போது இல்லை, சைலன்சருக்குப் பதில் சொல்ல.

நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திற. டர்போவிலிருந்து எஞ்சின் வரை ஒவ்வொரு ரப்பர் குழாயையும் கையால் பிடித்து அசைத்துப் பார். எங்காவது எண்ணெய் ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் நில். பேத்தியை டார்ச் பிடிக்கச் சொல்லாதே. அவளை அசைக்கச் சொல், நீ டார்ச் பிடி. கை கறுக்கட்டும். சரியானதும் போனைப் பழையபடி புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வை. சத்தம் வராததை நான் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் அதே சாலையில் போவோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது, புவனகிரி சுற்ற வேண்டியதில்லை என்பாய். எனக்காகச் சுற்று. பின் இருக்கையில் நானும் அவளும் உட்காருவோம், இரண்டு பேரும் தலையை நிமிர்த்திக்கொண்டு. அண்ணாமலை நகரில் அவள் இறங்கும்போது ஒரு வேட்டு போட வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் காரில் சாவியை அணைத்துப் போட்டால் வராது, போடவும் கூடாது. பரவாயில்லை. நான் கைதட்டிக்கொள்கிறேன்.

அம்மா